காணாமல் போன மூன்று அடி

பல்லடத்தைத் தாண்டித் தாராபுரம் சாலையில் போனால் இடப்பக்கம் தென்னந்தோப்புக்கு மேலே ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி தெரியும். அதுதான் பங்காரம்மா மில். தெரியும் என்று எழுதிவிட்டேன். இப்போது தெரியாது, இடித்துவிட்டார்கள். நான் முதன்முதலாக அங்கே போய் இறங்கியது பிப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. கையில் அளவுநாடா, பையில் லேசர் மீட்டர், ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம். மழையும் இல்லை, இடியும் இல்லை. நல்ல வெயில்.

என் பெயர் அன்புச்செல்வி. நானும் என் வீட்டுக்காரர் சாமுவேலும் சிங்காநல்லூரில் கட்டட மாடல் செய்கிறோம். அபார்ட்மென்ட் கட்டும் முன்பே வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டி மரம், குட்டி கார், நீச்சல் குளம் எல்லாம் வைத்துக் காட்டுவார்களே, அதுதான் எங்கள் பிழைப்பு. பதினோரு வருடமாகச் செய்கிறோம். எனக்குப் பேய் பயம் இருந்ததில்லை. பில்டர் பயம்தான்.

கூப்பிட்டவர் சைதன்யா. மில்லை நிறுவிய வரதராஜுலுவின் பேரன், முப்பது வயதுக்காரர், மரியாதையான ஆள். மில் மூடி இருபத்தைந்து வருடம் ஆகிறது. அந்த இடத்தில் அபார்ட்மென்ட் வரப்போகிறது. இடிப்பதற்கு முன்னால் மில்லை ஒரு மாடலாகச் செய்து, விற்பனை அலுவலகத்தில் தாத்தாவின் படத்துக்குக் கீழே வைக்க வேண்டும் என்றார்.

“புதுசா இருந்தப்ப இருந்த மாதிரி வேண்டாங்க மேடம். இப்ப எப்படி இருக்குதோ அப்படியே. கறை, துரு, பாசி எல்லாம் வேணுங்க.”

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். புதுச் சுவர் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். நாற்பது மழைக்காலம் பார்த்த சுவரைச் செய்வதில்தான் கை தெரியும்.

கேட்டில் ஆறுச்சாமி இருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. மில் ஓடிய காலத்தில் உள்ளே வேலை பார்த்தவர், இப்போது அதற்கே வாட்ச்மேன். நான் அளக்க அளக்கக் கூடவே வந்து நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். கூடத்தின் கிழக்குக் கோடியில் ஓர் அறைக்கு முன்னால் மட்டும் நின்றுவிட்டார்.

“அது விசிறி ரூமுங்க அம்மணி. பூச்சி பொட்டு இருக்கும். வெளிய நின்னே அளந்துக்குங்க.”

கூரை விழுந்து வானம் தெரிகிற அறை அது. வாசலிலேயே நின்று லேசரை அடித்து அளவெடுத்துக்கொண்டேன். அந்த வாசற்படியில் பஞ்சுத்தூசி முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது, சாம்பல் நிறத்தில், கனமே இல்லாமல். ஒரு பை நிறைய அள்ளினேன். எந்த இடத்தைச் செய்கிறோமோ அந்த இடத்து மண்ணும் துருவும் தூசியும் கொஞ்சம் கொண்டுபோவது என் வழக்கம். அதைப் பொடித்துப் பூசினால்தான் நிறம் பொய் சொல்லாது.

“அது எதுக்குங்க?” என்றார் ஆறுச்சாமி.

“மாடலுக்குங்க.”

அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து வரைபடம் போட உட்கார்ந்தபோது கணக்கு இடித்தது. கிழக்கு மேற்காக வெளியே நூற்று இருபது அடி. சுவர்களின் கனத்தைக் கழித்தால் உள்ளே நூற்றுப் பதினேழு இருக்க வேண்டும். கூடமும் விசிறி அறையும் சேர்த்து நூற்றுப் பதினான்குதான் வந்தது. வெளிச்சுவரில் ஐந்தடி உயரத்தில் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல் இருந்ததைப் படம் எடுத்திருந்தேன். உள்ளே அந்த ஜன்னல் எந்த அறையிலும் இல்லை.

சைதன்யாவுக்குப் போன் செய்தேன்.

“சார், கிழக்க ஒரு மூணடி கணக்குல வரமாட்டேங்குது. விசிறி ரூமுக்குப் பின்னாடி ஏதாச்சும் இருக்குதுங்களா?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒண்ணும் இல்லீங்க மேடம். பழைய கட்டடம், அப்படி இப்படித்தான் இருக்கும். வெளிய பார்க்க நல்லா இருந்தாப் போதுங்க.”

ஐம்பதில் ஒரு பங்கு அளவில் மூன்று அடி என்பது இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இடத்தை வெற்றாக விட மாட்டோம், எதையாவது வைத்து அடைத்துவிடுவோம். இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் சுவர் உள்வாங்கிவிடும். வழக்கமாகத் தெர்மாகோல்தான் வைப்போம். அன்றைக்குக் கைக்கு எட்டிய தூரத்தில் பஞ்சுத்தூசிப் பை இருந்தது. இரண்டு சுவருக்கும் நடுவே அதைத் திணித்து, குச்சியால் குத்திக் குத்தி இறுக்கி, அதற்கு மேலே மட்டும் கூரையை ஒட்டினேன்.

இப்போது யோசித்தால், அப்படிக் குத்தும்போது உள்ளே ஏதோ மெத்தென்று தடுத்தது. பஞ்சுதானே என்று இன்னும் அழுத்தினேன்.

அடுத்த மூன்று வாரமும் பழசாக்கும் வேலை. டீ டிகாஷனில் கருப்பைக் கலக்கி மழை வழிந்த தடம் இறக்கினேன். ஸ்பாஞ்சால் பாசி ஒற்றினேன். ஜன்னல் கம்பிகளுக்கு மில்லில் சுரண்டிய துருவையே பூசினேன். சாமுவேல் பார்த்துவிட்டு, “இதைப் பார்த்தா இடிஞ்சு விழற நெசக் கட்டடம்னு ஈபிகாரன் கரண்டைக் கட் பண்ணிப்போடுவான் செல்வி” என்றார். நல்ல வேலைக்கு அவர் கொடுக்கும் பாராட்டு அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை விற்பனை அலுவலகத்தின் திறப்பு விழா. வியாழக்கிழமை காலை தூசு தட்டும்போதுதான் பார்த்தேன். கிழக்குச் சுவரின் சின்ன ஜன்னலுக்குக் கண்ணாடியாக வைத்திருந்த அக்ரிலிக் துண்டில் ஒரு கறை. துணியால் துடைத்தேன். போகவில்லை. உட்புறத்தில் இருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

ஒரு கை.

ஐந்து விரலும் உள்ளங்கையும். உள்ளேயிருந்து கண்ணாடியில் அழுத்தி வைத்த கை.

“பல்லிக் குஞ்சா இருக்கும்” என்றார் சாமுவேல். பல்லிக்கு அப்படிக் கட்டைவிரல் இருக்காது. காலிப்பரை வைத்து அளந்தேன். மூன்றரை மில்லிமீட்டர். ஐம்பதால் பெருக்கிப் பார்த்தேன். வளர்ந்த ஒரு பெண்ணின் கை. தரையிலிருந்து அது இருந்த உயரத்தையும் பெருக்கினேன். அதுவும் சரியாக இருந்தது.

அளவு சரியாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி மில்லுக்குப் போனேன். அந்த மூன்று அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மாடலைக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆறுச்சாமியிடம் நேராகவே கேட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

“நூல் அறுகாம இருக்கோணும்னா காத்துல ஈரம் வேணுமுங்க. அதுக்குத்தான் விசிறி. கூடத்துக் காத்து, விசிறி ரூமுக்குப் பின்னால இருக்கற அந்தச் சந்து வழியாத்தான் வரும். பஞ்சு அடைச்சுக்கும். ஆள் உள்ள போயி அள்ளோணும். ஒல்லியா இருக்கற புள்ளைகளைத்தான் அனுப்புவாங்க. நாப்பது வருசம் முந்தி, சின்னத்தாயின்னு ஒரு புள்ள. பத்தொம்பது வயசு. உள்ள இருக்கறது தெரியாம கதவைச் சாத்தி விசிறியப் போட்டுப்போட்டாங்க.”

“அப்புறம்?”

“தாராபுரம் பஸ் டிரைவரோட ஓடிப்போயிட்டாள்னு சொன்னாங்க. அவங்க அம்மா வந்து கேட்டில நின்னு அழுதுது. ரெண்டு நாள் தட்டற சத்தம் கேட்டுதுங்க. நான் புதுசா வேலைக்குச் சேர்ந்தவன். மிசின் சத்தம்னாங்க. அப்புறம் அந்த விசிறிய நிறுத்தி, கதவை மறைச்சுப்போட்டாங்க. நானும் பேசாம இருந்துபோட்டேன்.”

அந்த மனுசன் மேல் எனக்கு வந்த வெறுப்பை மறைக்கவில்லை. “நாப்பது வருசமாவா பேசாம இருந்தீங்க?” என்றேன். அவர் தலை நிமிரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு உண்டுவிட்டு வருவதாகச் சொல்லி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

விசிறி அறைக்குள் நான் ஒருத்திதான் போனேன். விசிறியைக் கழற்றி விற்று இருபது வருடம் ஆகிறது. சுவரில் வட்டமாக ஒரு தடம்தான் இருந்தது. எதிர்ச் சுவரின் அடியில் தகரத்தையும் பலகையையும் சாய்த்து வைத்திருந்தார்கள். நகர்த்தினேன். இரண்டரை அடி உயரத்தில் ஓர் இரும்புக் கதவு. பூட்டு இல்லை. வெளியே ஒரு கொண்டி மட்டும்.

படம் எடுத்துச் சாமுவேலுக்கு அனுப்பினேன். ‘கதவு இருக்குதுங்க. ரெண்டரைக்கு ரெண்டு. செஞ்சு துரு பூசி ஒட்டிடுங்க.’ சரி என்று கட்டைவிரல் காட்டினார். தவறு அங்கேதான் நடந்தது. தொழில் புத்தி. ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டால் உடனே அதை மாடலில் ஏற்றிவிட வேண்டும்.

கொண்டியை எடுத்தேன். கதவு சுலபமாகத் திறந்தது. குனிந்து தலையை நீட்டினேன். டார்ச் வெளிச்சத்தில் தெரிந்ததெல்லாம் பஞ்சு. இரண்டு பக்கமும் சுவர், நடுவே மூன்று அடி, இடுப்பளவு சாம்பல் பஞ்சு. வலப்பக்கம் அந்தச் சின்ன ஜன்னல், கண்ணாடி முழுக்கக் கருப்பு பெயின்ட். ஒரே நிமிடம், நீளத்தை மட்டும் அளந்துவிட்டு வந்துவிடலாம் என்று உள்ளே போனேன்.

கதவு சாத்திக்கொண்டது.

காற்றில் மோதிய சத்தம் இல்லை. மெதுவாக, அளவு பார்த்து, ஓரத்தோடு ஓரம் பொருந்துகிற மாதிரி சாத்தியது. பிறகு ஒரு வாசனை வந்தது.

பசை.

நாங்கள் வாங்குகிற அதே பசை.

தள்ளினேன். தோளால் இடித்தேன். காலை வைத்து உதைத்தேன். இரும்புக் கதவு என்றால் கொஞ்சமாவது அதிர வேண்டும். அது சுவரோடு சுவராக நின்றது. விளிம்பைத் தடவினேன். இடுக்கே இல்லை. கத்தினேன். வாயைத் திறந்ததும் பஞ்சு உள்ளே போயிற்று.

அப்போது இல்லாத விசிறி ஓட ஆரம்பித்தது.

முதலில் காலடியில் ஓர் உறுமல். பிறகு காற்று. பஞ்சு எழும்பி முகத்தில், கண்ணில், மூக்கில் அப்பியது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். டார்ச் கையிலிருந்து நழுவிப் பஞ்சுக்குள் விழுந்தது. நான் இங்கேயே செத்துப்போவேன், என்னையும் யாரோ டிரைவரோடு ஓடிப்போய்விட்டாள் என்பார்கள் என்று நினைத்தேன். அதை நினைத்து அழுதேன்.

“அக்கா.”

என் தோளுக்குப் பக்கத்தில். இடப்பக்கம்.

“சங்கு ஊதிருச்சுங்களாக்கா?”

மெல்லிய குரல். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்ட குரல். சங்கு என்றால் மில் சங்கு. ஊதினால் ஷிப்ட் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். அந்த இருட்டிலும் அவள் ‘ங்க’ போட்டுத்தான் கேட்டாள்.

“இல்ல கண்ணு,” என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. “இன்னும் ஊதல.”

“அப்ப அள்ளிப்போட்டு வாரேனுங்க.”

பஞ்சைக் கையால் அள்ளும் சத்தம். சரக், சரக். கொஞ்சம் நிற்கும். மறுபடி சரக்.

ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். விரல் நகத்தால் பெயின்டைச் சுரண்டினேன். காசு அகலத்துக்கு வெளிச்சம் வந்தது. கண்ணை வைத்தேன். அங்கே தென்னந்தோப்பு தெரிய வேண்டும்.

தெரிந்தது நீலக் கட்டம் போட்ட துணி. ஜன்னல் முழுக்கத் துணி. அது மேலும் கீழும் அசைந்தது, மூச்சு விடுகிற மாதிரி. நடுவே தட்டு அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பொத்தான்.

காலையில் சாமுவேலுக்கு நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை.

போனை எடுத்தேன். சிக்னல் ஒரு கோடு. இரண்டு முறை அறுந்து மூன்றாவது முறை மணி அடித்தது. போனில் ஒரு மணி. சுவருக்கு வெளியே, தலைக்கு மேலே, காது கிழிகிற மாதிரி இன்னொரு மணி.

“சொல்லு செல்வி. கதவை ஒட்டிப்போட்டேன். துரு காஞ்சுட்டு இருக்குது.”

“அதைப் பிடுங்குங்க.”

“ஏன், அளவு தப்பா?”

“ஏனுங்க, நான் உள்ள இருக்கறேன். பிடுங்குங்க.”

“எதுக்குள்ள?”

“பிடுங்குங்க.”

பதினோரு வருடத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. பிளேடைத் தேடும் சத்தம் கேட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு கை என் கையைப் பிடித்தது. சின்னக் கை, சொரசொரப்பான கை. குளிரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, அது உயிருள்ள கை மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

“நீங்க போறீங்களாக்கா?”

“நான் போயி உனக்கும் தொறந்து உடறேன் கண்ணு,” என்றேன். “சத்தியமா. எல்லார்கிட்டயும் சொல்றேன். நீ எங்கியும் ஓடிப்போகலைன்னு சொல்றேன்.”

கை விட்டது.

இரும்பு பிய்கிற சத்தம். கதவு வெளிப்பக்கம் சாய்ந்து விழுந்தது. நான் நாலு காலில் தவழ்ந்து, கூரையில்லாத விசிறி அறையின் வெயிலுக்கு வந்து விழுந்தேன். மணி இரண்டு இருபத்தைந்து. உள்ளே போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலமே சைதன்யாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “நீங்க பயந்துட்டீங்க மேடம். இடிக்கும்போது நானே பார்க்கறேன். பழசைக் கிளறி யாருக்கு என்னங்க?” என்றார். போலீசுக்குப் போகலாம் என்று சாமுவேலிடம் சொன்னேன். போகலாம், காலையில் விழா முடியட்டும் என்றார். மேசைமேல் மாடல் இருந்தது. விசிறி அறைச் சுவரில் கதவு பிய்ந்து ஓர் ஓட்டை. அதன் வழியே கொஞ்சம் பஞ்சு எட்டிப் பார்த்தது.

காலை எட்டு மணிக்கு வண்டி வந்துவிட்டது. டிரைவர் ஹார்ன் அடிக்கிறான். அப்படி ஓட்டையோடு எந்த மாடலையும் நாங்கள் கொடுத்ததில்லை.

கதவை நான்தான் ஒட்டினேன். சாமுவேல் இல்லை, நான். எட்டிப் பார்த்த பஞ்சைக் குச்சியால் உள்ளே தள்ளி, பசை வைத்து, அழுத்திப் பிடித்து, மேலே துருவும் மழைத் தடமும் பூசினேன். பழசாக்கிவிட்டால் எந்த ஒட்டும் வெளியே தெரியாது. ஆறே நிமிட வேலை. ஒட்டும்போது உள்ளே மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது. ஹார்ன் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விழா நன்றாக நடந்தது. திங்கட்கிழமை ஜேசிபி வந்தது. கல்லும் மண்ணும் லாரியில் எங்கேயோ போய்விட்டன. செவ்வாய்க்கிழமை போலீசிடம் போய் எதைக் காட்டுவது? போகவில்லை. ஆறுச்சாமியைத் திட்டிய வாய்தான் இது.

இரண்டு மாதம் தூக்கமில்லை. போன வாரம் மாடலைச் சர்வீஸ் செய்ய வேண்டும் என்று பொய் சொல்லி அந்த அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியைக் கழற்றி, பிளேடால் அந்தக் கதவை நெம்பி எடுத்தேன். சொன்ன வார்த்தையைத் தாமதமாகவாவது காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

உள்ளே பஞ்சு இல்லை. ஒரு இழைகூட இல்லை. பெருக்கித் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும், ஏனென்று தெரியாமல், எங்கள் பட்டறையை அளந்தேன். நாங்களே கட்டிய அறை, அளவு மனப்பாடம். உள்ளே சரியாக இருபது அடி. லேசர் பத்தொன்பதரை காட்டியது. பாட்டரி மாற்றி அடித்தேன். நாடா பிடித்து அளந்தேன். வெளியே போய் அளந்தேன். வெளி அளவு மாறவில்லை.

புதன்கிழமை பத்தொன்பது. வெள்ளிக்கிழமை பதினெட்டு. கதவு இறுகிப்போய், சாமுவேல் தோளால் இடித்துத்தான் திறக்கிறார். மரம் ஊதியிருக்கும் என்கிறார்.

இன்று காலை அளந்தேன். பதினேழு.

மூன்று அடி. ஒரு ஆள் நிற்கலாம்.

சாமுவேல் கடைக்குப் போயிருக்கிறார். நான் உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. பசை வாசனை வந்து கொஞ்ச நேரம் ஆகிறது. போனில் ஒரு கோடுகூட இல்லை. தெருக்கோடி மில்லில் இப்போதுதான் மத்தியானச் சங்கு ஊதியது.

சுவருக்குள் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சரக் சரக் என்ற சத்தம் நின்றது.

“ஊதிருச்சுங்களே அக்கா.”